தற்கொலைத் தடுப்பு: பிரிவுக்கேற்ற அணுகுமுறை – திருவனந்தபுரம் உணர்த்தும் பாடங்கள்

நலவாழ்வுத் துறையில் கேரளம் ஈட்டிய சாதனைகள் நாடறிந்தவை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தின் எழுத்தறிவு 94 சதவீதம். சிசு மரண விகிதம் நாட்டிலேயே மிகக் குறைந்த அளவுகளுள் ஒன்று. ஆயினும் இதே மாநிலத்தில் தற்கொலை விகிதம் நாட்டின் சராசரியைவிட இரு மடங்குக்கும் மேலாக உள்ளது. தேசியக் குற்றப் பதிவுத் துறையின் புள்ளி விவரப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர்; இது ஒரு இலட்சம் மக்களுக்கு 12.4 என்ற விகிதமாகும். அதே ஆண்டில் கேரளத்தில் 10,162 பேர் உயிரிழந்தனர், விகிதம் 28.5. அண்டை மாநிலமான தமிழ்நாட்டின் விகிதம் 25.9. கல்வியும் மருத்துவ வசதியும் பெருகினால் இத்துயரம் தானே குறைந்துவிடும் என்ற எண்ணம் சரியன்று என்பதையே இப்புள்ளிகள் காட்டுகின்றன.

கேரளத்தின் விகிதம் ஒரே நிலையில் நின்றதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு இலட்சத்துக்கு 30ஐத் தாண்டியிருந்தது. பின்னர் படிப்படியாகக் குறைந்தது. மீண்டும் 2019இல் 24.3, 2021இல் 26.9, 2022இல் 28.5 என உயர்ந்தது. ஏறியும் இறங்கியும் வரும் ஒன்று மாற்ற முடியாத விதியன்று. தக்க நடவடிக்கைகளால் அதைக் குறைக்க இயலும். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியிடப்பட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030ஆம் ஆண்டுக்குள் இவ்வகை இறப்புகளை 10 சதவீதம் குறைக்க வேண்டும் என இலக்கு வகுத்துள்ளது. இந்த இலக்கை அடையும் வழி எது என்பதே இன்றைய கேள்வி.

மாநிலத் தலைநகரான திருவனந்தபுரம் இக்கேள்வியை ஆராய ஏற்ற இடமாகும். அரசு அலுவலர், கல்லூரி மாணவர், கணினித் துறை ஊழியர், மீனவர், ரப்பர் தோட்டத் தொழிலாளர், மலைவாழ் காணி மக்கள், தமிழ் பேசும் வணிகக் குடும்பத்தினர் என வாழ்க்கை முறையால் வேறுபட்ட பல பிரிவினர் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். 1870ஆம் ஆண்டில் தோன்றிய மனநல மருத்துவமனையும், 1951இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இங்குள்ளன. மாவட்ட மனநலத் திட்டம் கேரளத்தில் தொடக்கத்திலேயே செயற்படுத்தப்பட்ட மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. இத்தனை வசதிகள் இருந்தும் பிரச்சினை நீடிக்கிறது. சேவை இருப்பது வேறு, அது உரியவரைச் சென்றடைவது வேறு என்பதே இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம்.

எண்கள் காட்டுவதும் மறைப்பதும்

எந்தப் பிரிவினருக்கு என்ன உதவி தேவை என முடிவு செய்யுமுன், யார் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளனர் என அறிய வேண்டும். அரசுப் பதிவுகளின்படி கேரளத்தில் தற்கொலையால் இறப்போரில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேர் ஆண்கள். எனவே இது ஆண்களின் பிரச்சினை மட்டுமே என்ற எண்ணம் எளிதில் எழும். ஆனால் இப்பதிவுகள் காவல் நிலையத்துக்கு எட்டிய செய்திகளை அடிப்படையாகக் கொண்டவை.

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஹெல்த் ஆக்‌ஷன் பை பீப்பிள்’ என்னும் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மருத்துவர் சி. ஆர். சோமன் தலைமையில், கேரளக் கிராமப்புற மக்களிடையே வேறொரு முறையைக் கையாண்டனர். களப்பணியாளர்கள் இறப்பு நேர்ந்த வீடுகளுக்கே சென்று, உறவினரிடம் பரிவோடு விசாரித்து, இறப்புக்கான காரணத்தைப் பதிவு செய்தனர். 2009ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வின்படி, ஆண்களிடையே விகிதம் ஒரு இலட்சத்துக்கு 44.7, பெண்களிடையே 26.8. இரண்டுமே அரசுப் பதிவுகளைவிட உயர்ந்தவை. மேலும், ஆண்–பெண் விகிதம் 1.7 அளவிலேயே இருந்தது. அரசுப் பதிவுகளில் காணப்படும் இடைவெளி இதைவிடப் பெரிது.

குடும்ப மானம், காவல் விசாரணை பற்றிய அச்சம் ஆகியவற்றால் பல இறப்புகள், குறிப்பாகப் பெண்களின் இறப்புகள், விபத்தென்றோ நோயென்றோ பதிவாகின்றன என இதிலிருந்து கருதலாம். கணக்கில் வராதவர் திட்டத்திலும் வருவதில்லை. ஆகவே, பிரிவுக்கேற்ற தடுப்புத் திட்டம் சரியான கணக்கெடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

மூவகைத் தடுப்பு

பொதுச் சுகாதார இயலில் தடுப்பு நடவடிக்கைகள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. முதலாவது, மக்கள் அனைவருக்கும் பொதுவானது. பள்ளிப் பாடத்தில் வாழ்க்கைத் திறன் கல்வியைச் சேர்ப்பது, நச்சுப் பொருள்களின் விற்பனையைக் கட்டுப்படுத்துவது ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, இடர் மிகுந்த பிரிவினருக்கு உரியது. கடனில் மூழ்கியோர், தனித்து வாழும் முதியோர், மது அடிமைகள் போன்றோர் இதற்குள் வருவர். மூன்றாவது, ஏற்கனவே துயரக் குறிகள் வெளிப்பட்ட தனிமனிதருக்கு உரியது.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றன்று. முதல்வகை நடவடிக்கை பெருந்தொகையினரைச் சிறிதளவு காக்கிறது. மூன்றாம் வகை சிறுதொகையினரைப் பேரளவு காக்கிறது. நடைமுறையில் பெரிதும் புறக்கணிக்கப்படுவது இரண்டாம் வகையே. எல்லாப் பிரிவினருக்கும் ஒரே துண்டறிக்கை, ஒரே தொலைபேசி எண், ஒரே விழிப்புணர்வுக் கூட்டம் என்பதோடு பணி முடிந்துவிடுகிறது. கூட்டத்துக்கு வருவோர் பெரும்பாலும் உதவி குறைவாகத் தேவைப்படுவோர். தேவை மிகுந்தோர் வருவதில்லை.

ஒரே திட்டம் எல்லோருக்கும் ஒரே பயன் தருவதில்லை என்பதற்கு உலக அனுபவம் சான்று பகர்கிறது. இத்தாலியின் வெனெட்டோ வட்டாரத்தில் தனித்து வாழும் முதியோரை வாரந்தோறும் தொலைபேசியில் நலம் விசாரிக்கும் திட்டம் நடைபெற்றது. அதனால் முதிய பெண்களிடையே தற்கொலை தெளிவாகக் குறைந்தது. ஆண்களிடையே அவ்வாறு குறைந்ததாக நிறுவ இயலவில்லை. பேச்சால் ஆறுதல் பெறுவது ஒரு பிரிவினருக்கு எளிதாக இருந்தது. மற்றொரு பிரிவினருக்கு வேறு வழி தேவைப்பட்டது. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டே திருவனந்தபுரத்தின் பல்வேறு பிரிவினரை நோக்க வேண்டும்.

உயிர் பிழைத்தோர்

இடர் மிகுந்த பிரிவினருள் முதலிடம் பெறுவோர், ஏற்கனவே ஒருமுறை தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள். தற்கொலையால் இறக்கும் ஒவ்வொருவருக்கும் இருபதுக்கும் மேற்பட்டோர் முயன்று பிழைத்திருக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகின்றனர். ஆனால் உடல் தேறியதும் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். மனத்தின் காயம் அப்படியே நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. 2008ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில் 1,867 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றப் பகுதியினருடன் மருத்துவமனையை விட்டு அனுப்புமுன் ஒரு மணி நேரம் உரையாடப்பட்டது. பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பு கொள்ளப்பட்டது. முதற்பிரிவில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 0.2 சதவீதத்தினரே இறந்தனர். விலையுயர்ந்த மருந்தோ கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. ஒழுங்காக நலம் விசாரிக்கும் ஒரு பணியாளரும் ஒரு பதிவேடும் போதுமானவையாக இருந்தன.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பொது மருத்துவமனை, நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு ஆகிய இடங்களின் அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றிலிருந்து வீடு திரும்பும் இத்தகையோரின் விவரம், அவர்தம் இசைவுடனும் இரகசியம் காத்தும், மாவட்ட மனநலக் குழுவுக்குத் தவறாமல் சென்று சேருமாயின், மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் விளையும்.

சட்டத்தின் நிலையும் இதற்கு இசைவாக மாறியுள்ளது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை எனக் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. பொது ஊழியர் ஒருவரைத் தம் கடமையில் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ செய்யப்படும் முயற்சி மட்டுமே குற்றமாக வைக்கப்பட்டுள்ளது. ஆயினும், வழக்கு வரும் என்ற அச்சம் மக்கள் மனத்தில் இன்னும் உள்ளது. அச்சத்தால் உண்மையை மறைக்கும் குடும்பம் தொடர் சிகிச்சையையும் இழக்கிறது. சட்டம் மாறியதை மக்களுக்கு எடுத்துரைப்பதும் தடுப்புப் பணியே.

மாணவர்

2022ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலையால் இறந்தோரில் 13,044 பேர் மாணவர்கள். கொரோனாப் பொதுமுடக்கம் தொடங்கிய 2020 மார்ச் 25 முதல் அவ்வாண்டு ஜூலை தொடக்கம் வரை, கேரளத்தில் 18 வயதுக்குட்பட்ட 66 பேர் இவ்வாறு இறந்ததாக மாநில முதலமைச்சர் அறிவித்தார். அதனையொட்டி மாநிலக் காவல்துறை, குழந்தைகள் அழைத்துப் பேசுவதற்கென ‘சிரி’ என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. இச்சொல்லுக்கு மலையாளத்தில் ‘புன்னகை’ என்பது பொருள். அறிவுரை கூறுவோரைவிடக் காதுகொடுப்போரே குழந்தைக்கு வேண்டும் என்ற உணர்வு இதில் வெளிப்பட்டது.

மாணவரிடையே எந்த முறை பயன் தரும் என்பது குறித்து ஐரோப்பாவில் பத்து நாடுகளின் 168 பள்ளிகளில், 11,110 மாணவரிடையே விரிவான ஆய்வு நடைபெற்றது. ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி அளித்த முறையும், வினாத்தாள் வழியே இடர் மிகுந்தோரைக் கண்டறியும் முறையும் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. மாணவரே தம் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசி, நடித்து, தம்முள் விவாதித்துக் கற்ற முறையில், ஓராண்டு முடிவில் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மாணவரைப் பொருளாகக் கருதாமல் பங்காளராகக் கருதிய முறையே வென்றது.

தேர்வு முறையிலும் தடுப்புக்கு இடமுண்டு. 2005இல் கேரளம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரவரிசை எழுத்துகளை அறிமுகப்படுத்தியது. தோல்வியுற்றோர் ஓராண்டை இழக்காமல் உடனே மீண்டும் எழுதத் தனித் தேர்வும் நடத்தப்படுகிறது. தமிழ்நாட்டிலும் உடனடித் துணைத் தேர்வு முறை நடைமுறையில் உள்ளது. 1986ஆம் ஆண்டில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பு இம்முறைக்காகக் குரல் கொடுத்தது. ஒரு தோல்வி முடிவன்று என்பதைச் சொல்லால் அறிவுறுத்துவதைவிட, இரண்டாம் வாய்ப்பாலேயே காட்டுவது வலிமையானது. இதே வாய்ப்பு, தொழிற்கல்வி நுழைவுத் தேர்வுக்கும் அரசுப் பணித் தேர்வுக்கும் தலைநகரில் தங்கிப் பயிலும் ஆயிரக்கணக்கான இளைஞருக்கு இல்லை. அவர்கள் பள்ளியையும் சேர்ந்தவரல்லர், பணியிடத்தையும் சேர்ந்தவரல்லர். விடுதிகளும் தனிப்பயிற்சி நிலையங்களுமே அவர்களை அணுகும் வாயில்கள்.

கடன், கூலி, மது

2022ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலையால் இறந்தோரில் 26.4 சதவீதத்தினர் தினக்கூலித் தொழிலாளர். நடுவயதில், குடும்பப் பொறுப்பில் உள்ள ஆண்களே இவர்களில் மிகுதி. மனநல மருத்துவமனையின் வாயிலை இவர்கள் தாமாக மிதிப்பது அரிது. மனச்சோர்வு என்ற சொல்லை ஏற்கவும் தயங்குவர்; உறக்கமின்மை, உடல்வலி, குடி என்ற வடிவிலேயே அவர்தம் துயரம் வெளிப்படும். ஆகையால் இப்பிரிவினருக்கு மருத்துவத்துடன் பொருளாதார உதவியும் தடுப்பின் ஒரு பகுதியாக வேண்டும்.

விவசாயிகளின் துயரத்தைத் தணிக்கக் கேரளம் 2006ஆம் ஆண்டில் விவசாயிகள் கடன் நிவாரண ஆணையச் சட்டத்தை இயற்றியது. 2014 மே மாதத்தில் திருவனந்தபுரத்தில் கடன் தொல்லையால் ஒரு குடும்பமே உயிரிழந்ததையடுத்து, கந்துவட்டிக்காரர்களுக்கு எதிராக ‘ஆபரேஷன் குபேரா’ என்னும் நடவடிக்கை மாநிலமெங்கும் மேற்கொள்ளப்பட்டது. இத்தகைய திடீர்ச் சோதனைகள் தேவையே. எனினும், அவற்றின் வேகம் காலப்போக்கில் தணிவது இயல்பு. கடன் கொடுத்தவரின் அவமதிப்புக்கு உள்ளாகும் ஒருவர் முதலில் நாடுவது கூட்டுறவு வங்கியையோ ஊராட்சி உறுப்பினரையோ ஆகும். அவர்கள் கடனைத் தவணையாக மாற்றவும் சட்ட உதவியைப் பெற்றுத் தரவும் அறிந்திருப்பதோடு, பேச்சில் நம்பிக்கையிழப்பின் குறி தென்பட்டால் மனநலக் குழுவுக்கு வழிகாட்டவும் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும்.

மது இத்துயரத்தைப் பெருக்கும் காரணி. மதுவிலக்குத் துறை 2016இல் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கம் போதை மீட்பு மையங்களை நடத்தி வருகிறது. மீட்பு மையத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் வாழ்வில் பற்றின்மை உள்ளதா என வினவுவது வழக்கமாக்கப்பட வேண்டும். அவ்வாறு நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது; பரிவோடு கேட்கும் கேள்வி பாரத்தை இறக்கவே உதவுகிறது.

பெண்கள்

பெண்களின் துயரம் பெரும்பாலும் வீட்டுச் சுவருக்குள் நிகழ்வது. வன்முறை, வரதட்சணைக் கொடுமை, குழந்தைப் பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஆகியன அதன் காரணங்களுள் சில. 2022ஆம் ஆண்டுத் தேசியப் பதிவில் இறந்தோருள் 14.8 சதவீதத்தினர் இல்லத்தரசிகள். கணவன் வீட்டாரின் துணையின்றி வெளியே செல்ல இயலாத பெண்ணுக்கு, நகரில் அமைந்த மருத்துவமனை தொலைதூரமே. அவளை அணுகக்கூடியவர் வீடு தேடி வரும் ஆஷா பணியாளரும், அண்டை வீட்டுப் பெண்கள் கூடும் அயற்கூட்டமுமே.

1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கம் இவ்வகையில் பெரும் வாய்ப்பைத் தருகிறது. அதன் ‘சினேகிதா’ உதவி மையங்கள் துன்புறும் பெண்களுக்கு ஆலோசனையும் தற்காலிகத் தங்குமிடமும் அளிக்கின்றன. கருவுற்ற பெண்களிடமும் அண்மையில் மகப்பேறு கண்டோரிடமும் மனச்சோர்வைக் கண்டறிய ‘அம்மமனசு’ என்னும் திட்டம் செயற்படுகிறது. தாய்–சேய் நலத்துக்காக எப்படியும் மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம் அதே வேளையில் மனநலத்தையும் விசாரிப்பது, அவளுக்குப் பழிச்சொல் வராமல் உதவி சேர்க்கும் நல்வழி.

முதியோரும் நோயாளரும்

கேரளத்தில் 60 வயதைக் கடந்தோர் மக்கள்தொகையில் 2011இல் 12.6 சதவீதமாக இருந்தனர். 2021இல் இது 16.5 சதவீதமாகும் என மதிப்பிடப்பட்டது. மாநிலங்களுள் இதுவே மிக உயர்ந்த அளவு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பிற நாடுகளிலும் பணியாற்ற, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் தலைநகரில் ஏராளம். பணம் வருகிறது, பேச்சுத்துணை இல்லை. நாட்பட்ட நோய் இத்தனிமையுடன் சேரும்போது, தாம் பிறருக்குச் சுமை என்ற எண்ணம் வேரூன்றுகிறது. 2022ஆம் ஆண்டுத் தேசியப் பதிவில் 18.4 சதவீத இறப்புகளுக்கு நோயே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

இப்பிரிவினருக்குக் கேரளம் ஏற்கனவே ஓர் அரிய வாயிலைத் திறந்துள்ளது. 2008ஆம் ஆண்டின் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையின் விளைவாக, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடிச் சென்று படுக்கையிலுள்ள நோயாளரைப் பராமரிக்கின்றனர். திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் ‘பேலியம் இந்தியா’ நிறுவனமும் இப்பணியில் பெயர் பெற்றது. வலி தணிவதே தற்கொலைத் தடுப்பின் ஒரு பகுதி. புண்ணைக் கட்டவரும் செவிலியர், நோயாளியின் நம்பிக்கையிழப்பையும், அவரை இரவுபகலாகப் பேணும் மனைவி அல்லது மகளின் களைப்பையும் கவனிக்கப் பயிற்சி பெற்றால், புதிய அமைப்பு எதையும் தோற்றுவிக்காமலே சேவை விரியும். குடும்ப நல மையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் ‘ஆஸ்வாசம்’ திட்டத்துடன் இதனை இணைக்கலாம்.

விளிம்பிலுள்ள பிரிவினர்

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய மீனவ ஊர்களில் பெருந்துயரை விளைவித்தது. உடல்கூடக் கிடைக்காத இழப்பில் துக்கம் முடிவதில்லை. நிவாரணத் தொகை வழங்கியதும் கோப்பு மூடப்படலாம், துயரம் மூடப்படுவதில்லை. இவ்வூர்களில் தேவாலயமும் மீனவர் சங்கமுமே மக்களின் நம்பிக்கைக்குரிய இடங்கள். மனநலக் குழுவும் அவற்றின் துணையுடனேயே நுழைய வேண்டும்.

குற்றிச்சல், விதுரை, பெரிங்ஙம்மலை ஊராட்சிகளின் காட்டுப் பகுதியில் வாழும் காணி மக்களுக்கோ தூரமே முதற்தடை. நகரிலிருந்து வரும் ஆலோசகர் பேசும் மொழியும் முறையும் அவர்களுக்கு அயலானவை. அவர்களுள்ளிருந்தே இளைஞரைத் தேர்ந்து பயிற்றுவிப்பதே ஏற்றது. இம்முறை பயன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று உண்டு. இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழுவினர் நடத்திய ஆய்வில், அகதிகளுள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டர்கள், இடர் மிகுந்தோரை ஒழுங்காகச் சந்தித்து, நெருக்கடி வேளையில் யாரை நாடுவது, எதைச் செய்வது என்பதைக் குறித்த அட்டையை அவர்களுடன் சேர்ந்து தயாரித்தனர். முகாமின் துயரத்தை அறிந்தவர் முகாமைச் சேர்ந்தவரே என்ற எளிய உண்மையின் மேல் அத்திட்டம் அமைந்தது.

திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரிடையே இடர் மிகுதி. அதன் ஊற்று அவர்தம் மனத்திலன்று, சமூகத்தின் புறக்கணிப்பில் உள்ளது. நாட்டில் முதன்முதலாக 2015இல் மூன்றாம் பாலினத்தவருக்கான கொள்கையை வகுத்த மாநிலம் கேரளம். வீடும் வேலையும் மதிப்பும் கிடைக்கச் செய்யும் அக்கொள்கையின் ஒவ்வொரு விதியும் தடுப்பு நடவடிக்கையே.

காவலரின் நிலை வேறு. நீண்ட பணிநேரம், விடுப்பின்மை, பலவீனம் என எண்ணப்படுமோ என்ற கூச்சம் ஆகியன அவர்களை மௌனமாக்குகின்றன. அவர்களுக்கெனத் தலைநகரில் ‘ஹாட்ஸ்’ என்னும் ஆலோசனை மையத்தைக் காவல்துறை நடத்துகிறது. அமெரிக்க விமானப் படையில் 1990களின் நடுவில் தொடங்கிய திட்டத்தால் தற்கொலை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வு காட்டியது. உதவி நாடுவது வீரனுக்கு இழுக்கன்று எனத் தலைமை அதிகாரிகளே வெளிப்படையாகக் கூறியது அதன் சிறப்பு. சீருடைப் பணியில் மேலதிகாரியின் சொல் மருத்துவரின் சொல்லைவிட வலிமையானது.

அனைவருக்கும் பொதுவானவை

பிரிவுக்கேற்ற திட்டம் என்பது பொது நடவடிக்கைகளைக் கைவிடுவதன்று. இலங்கையில் 1995இல் ஒரு இலட்சத்துக்கு ஏறத்தாழ 47ஆக இருந்த விகிதம், மிகு நச்சுப் பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின், இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. கேரள அரசும் 2011இல் மிகு நச்சுத்தன்மை கொண்ட பல பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. நெருக்கடி பெரும்பாலும் குறுகிய கால அளவினது. அந்த வேளையில் ஆபத்தான பொருள் எட்டாத தொலைவில் இருப்பின் உயிர் தப்புகிறது. எந்தப் பிரிவினர் என்று பாராமல் அனைவரையும் காக்கும் நடவடிக்கை இது.

செய்தித்தாள்களின் பொறுப்பும் பொதுவானதே. 2019இல் இந்தியப் பத்திரிகை மன்றம் வெளியிட்ட நெறிமுறை, தற்கொலைச் செய்திகளை முதன்மைப்படுத்துவதையும், முறையை விவரிப்பதையும், இறந்தவரைப் போற்றும் வகையில் எழுதுவதையும் தவிர்க்குமாறு கூறுகிறது. குடும்பத் துயரங்களைக் கதைபோல் விவரிப்பது, அதே நிலையிலுள்ள மற்றொரு குடும்பத்துக்குத் தவறான வழியைக் காட்டிவிடும். மாறாக, நெருக்கடியைக் கடந்து வந்தோரின் செய்திகள் காக்கும் ஆற்றல் உடையவை.

தொலைபேசிச் சேவைகளும் இரவுபகலாக இயங்குகின்றன. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட ‘டெலி-மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணிலும், கேரளத்தின் ‘திசா’ சேவையை 1056 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம். டெலி-மானஸ் சேவை தமிழிலும் கிடைப்பதால், தலைநகரிலுள்ள தமிழ்க் குடும்பத்தினரும் தொழிலாளரும் தம் தாய்மொழியிலேயே பேச இயலும். துயரத்தைத் தாய்மொழியிலன்றி வேறு மொழியில் முழுமையாகச் சொல்வது எளிதன்று.

கருத்திற்கொள்ள வேண்டியவை

பிரிவு என்பது திட்டமிடுவதற்கான கருவி. மனிதர்மேல் ஒட்டும் முத்திரையன்று. கடன்பட்டவர் அனைவரும், முதியவர் அனைவரும் தற்கொலையை நாடுவதில்லை, பெரும்பாலோர் நாடுவதில்லை. எந்தப் பிரிவிலும் சேராதவருக்கும் நெருக்கடி வரலாம். அத்துடன், ஒருவரே பல பிரிவுகளில் அடங்குவதும் உண்டு. கடன்பட்ட மீனவர் மதுவுக்கும் அடிமையாகியிருக்கலாம். துறைகள் தனித்தனியே செயற்பட்டால் அவர் ஒவ்வொரு வாயிலிலும் திருப்பி அனுப்பப்படுவார். எனவே சுகாதாரம், கல்வி, காவல், சமூக நீதி, மீன்வளம், மதுவிலக்கு, உள்ளாட்சி ஆகிய துறைகள் மாவட்ட அளவில் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிடுதல் இன்றியமையாதது.

அம்மேசையில் மூன்று வினாக்கள் ஒவ்வொரு பிரிவைக் குறித்தும் எழுப்பப்பட வேண்டும். இப்பிரிவினர் அன்றாடம் யாரைச் சந்திக்கின்றனர்? அவ்வாறு சந்திப்பவருக்குத் துயரக் குறியை அறியவும் பரிவோடு கேட்கவும் பயிற்சி உண்டா? அவர் கண்டறிந்தவரை எங்கே, எவ்வளவு விரைவில் அனுப்புவது என்பது முடிவாகியுள்ளதா? மூன்றாம் வினாவுக்கு விடையில்லையேல் முதலிரண்டும் பயனற்றவை. துயரத்தைக் கண்டறிந்து, சிகிச்சைக்கு ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது நம்பிக்கையை மேலும் குலைக்கும்.

1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கியபோது, மனநலச் சேவையைப் பெரிய மருத்துவமனையின் மதிலுக்கு வெளியே கொண்டுவருவதே அதன் நோக்கமாக இருந்தது. அந்நோக்கத்தின் அடுத்த படி, சேவையை மக்கள் ஏற்கனவே நடமாடும் இடங்களில் வைப்பதாகும். மாணவருக்கு வகுப்பறையும் விடுதியும், கடன்பட்டவருக்குக் கூட்டுறவு வங்கியும், பெண்ணுக்கு அயற்கூட்டமும், முதியவருக்கு வீடு தேடிவரும் செவிலியரும், பிழைத்தெழுந்தவருக்கு மருத்துவமனையிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும் அவ்விடங்களாம். இவற்றுள் பெரும்பாலானவை திருவனந்தபுரத்தில் இன்றே உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதும், அங்கே பணியாற்றுவோருக்குப் பயிற்சியும் பொறுப்பும் அளிப்பதுமே எஞ்சிய பணி. 2030ஆம் ஆண்டின் இலக்கு எட்டப்படுமா என்பதை இப்பணியே முடிவு செய்யும்.